ஏழு சீட்டுக்கு ஒரே நீல நூல்

முத்தெழுத்துக்காரர் பயந்த சுபாவம். படிக்கட்டில் நாய் படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை கீழேயே நிற்பார். தாமதமாகிவிட்டதே என்று இயக்குநர் முகத்துக்குப் பயந்து பின்வாசல் வழியாக வருவார். இப்பேர்ப்பட்டவரை அருங்காட்சியகக் கிடங்கில், பல்லை இளிக்கும் முகமூடிகளுக்கு நடுவே முப்பத்துநான்கு வருஷம் உட்காரவைத்தது எந்தப் புண்ணியவானின் வேலையோ.

பொருளின் அடியில் ஒரு பொட்டு வார்னிஷ் தடவி, காய்ந்ததும் கறுப்பு மையால் எண் எழுதுவது அவர் வேலை. எழுதினால் கெட்டுப்போகும் என்ற பொருளுக்குச் சீட்டு எழுதிக் கட்டுவார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பெயர் வந்தது அப்படித்தான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு தட்டைத் தூக்கினார். அதில் சாண் உயரத்தில் ஏழு மரப்பாவைகள். யாரோ தங்கள் முன்னோர்களை நினைத்துச் செதுக்கியவை. ஏழு கழுத்திலும், எந்த ஊர்ப் பாவை என்று எழுதிய பழைய சீட்டு. நூல்கள் பொடியாகிப் போயிருந்தன. தூக்கிய வேகத்தில் ஏழு சீட்டும் பொலபொலவென்று உதிர்ந்தன. மேலதிகாரியிடம் சொல்லலாம்தான். ஆனால் அவர் ஈ உட்கார்ந்தாலே விளக்கம் கேட்கிற ரகம். மறுநாள் புதுமனைவியின் தையல் பெட்டியிலிருந்து நீல நூல் கொண்டுவந்து, குத்துமதிப்பாக ஏழையும் கட்டிவிட்டார். பாவைகள் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆராய்ச்சிக்காரம்மா வந்து சேர்ந்தாள். எந்தப் பொருள் யாரிடமிருந்து, யார் கையால், எப்படி இங்கே வந்தது என்று துருவி, உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க வழிசெய்வது அவள் உத்தியோகம். கப்பல் பத்திரம், பழைய கடிதம், பதிவேடு எல்லாம் தேடிப் பிடித்தாள். அந்த ஏழில் மூன்று பாவைகள் ஓர் ஆற்றங்கரை ஊரில் கேட்காமல் எடுக்கப்பட்டவை என்று சீட்டைக் காட்டி நிரூபித்தாள். புதன்கிழமை ஊர்க்காரர்கள் வந்து எடுத்துப் போகிறார்கள். சாட்சியமெல்லாம் இரும்புச் சங்கிலிதான், நடுவில் ஒரு முழம் தையல்நூலைத் தவிர.

"சார், எல்லாச் சீட்டும் சணல்ல கட்டியிருக்கு. இந்த ஏழு மட்டும் ஏன் நீல நூல்?"

"அப்ப... நீலம்தான் கிடைச்சிருக்கும்மா."

அவள் குறித்துக்கொண்டாள்.

அன்று மாலை மனைவியிடம் உடைத்துவிட்டார்.

"நாப்பது நாள்ல ரிட்டயர்மென்ட். சொன்னா பென்ஷனுக்கே உலை வெச்சிடுவாங்க."

"சொல்லலைன்னா?"

"அவங்க வேற யாரோட பாட்டனையோ கொண்டுபோய் வீட்டுல வெச்சுக்குவாங்க."

"நல்லாருக்கு, ஆஸ்பத்திரியில பிள்ளை மாறின கதை!"

"நூல் உன் பெட்டில எடுத்ததுதான்."

"அடப்பாவி மனுஷா! அந்த நீல நூல்கண்டக் காணோம்னு என் தங்கச்சிகூட ஒரு வருஷம் பேசாம இருந்தேனே! இப்ப நானும் சேர்ந்து கம்பி எண்ணணுமா?"

புதன்கிழமை வந்தது. மூன்று பெட்டிகளில், பாவையின் உருவத்துக்கு அச்சாக வெட்டிய பஞ்சுமெத்தை. ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் தலைமை, முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஓர் அம்மாள். இயக்குநரின் உரை முடியட்டும் என்று காத்திருக்காமல் ஒரு பாவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கிளம்பலாமா தாத்தா?" என்றாள் அதனிடம். பிறகு முத்தெழுத்துக்காரர் பக்கம் திரும்பி, "நீங்கதான் இத்தன வருஷம் பாத்துக்கிட்டீங்களாமே. குளிருல கிளிருல போட்டுட்டீங்களாய்யா?" என்றாள்.

அவர் பாவையின் கழுத்திலிருந்த நீல நூலைப் பார்த்தார்.

"அம்மா... இவர் உங்க தாத்தாதானான்னு எனக்குத் தெரியாது."

இயக்குநர் சிரிக்க முயன்றார். "இவருக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல..."

"நல்லாத்தான் சார் இருக்கேன். அதான் பயமா இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னார். அம்மாள் ஏழு பாவைகளையும் கொண்டுவரச் சொன்னாள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாள், தன் தப்பு அத்தோடு நேராகிவிடும் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"தெரியலையேய்யா. எங்கம்மாகூட இவங்களப் பாத்ததில்லயே."

முப்பத்துநான்கு வருஷத்தில் அவர் பட்ட பயமெல்லாம் இந்தப் பயத்துக்கு உறைபோடக் காணாது. நாய்க்குப் பயந்தால் நாயாவது எழுந்து போகும்.

"மத்த நாலு பேரு எந்த ஊரு?" என்று அம்மாள் ஆராய்ச்சிக்காரம்மாவைக் கேட்டாள்.

"ரெண்டு ஊர்."

"அவங்களையும் கூப்பிடுங்க. கூடி உக்காந்து பாப்போம். இந்த மனுஷனும் இருக்கணும். ஓட விட்டுடாதீங்க!"

பெட்டிகள் காலியாகவே மூடப்பட்டன. மதியமே அவர் மேசைக்கு விசாரணை நோட்டீஸ் வந்தது. நீல நூலை அவிழ்க்கலாமா என்று கேட்டார்.

"தொடாதீங்க சார். அதுவும் இப்ப பதிவேட்டுல ஏறணும்," என்றாள் ஆராய்ச்சிக்காரம்மா.

எழுதினார். பொருள்: நீல நூல், ஏழு துண்டு. எடுத்த இடம்: தையல் பெட்டி. அனுமதி: பெறவில்லை. எடுத்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார். அந்த முத்தெழுத்து முதல்முறையாகக் கோணிற்று. பதினோராயிரம் பொருள் கிடக்கிற அந்தக் கிடங்கில், ஒரு கட்டமும் விடுபடாமல் நிரம்பப்போகிற முதல் பக்கம் அதுதான்.

கடைசியாக ஒரு கட்டம் மிச்சமிருந்தது: உரிமை கோருவோர் உண்டா?

விசாரணை நோட்டீஸை ஒருமுறை பார்த்துவிட்டு, 'உண்டு. வீட்டில்' என்று எழுதினார்.