கிரவுண்டில் திரும்பி வந்த குரல்

போன ஜூலையில் எனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது, கூடவே குரலும் போனது. "நரம்பு வீக்கா இருக்கும்மா. ஆறு மாசத்துல வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

தாம்பரம் பக்கத்தில் கத்தோலிக்கக் கன்னியர்கள் நடத்தும் சின்ன மகளிர் கல்லூரி ஒன்றில் நான் விளையாட்டு ஆசிரியை. குரல்தான் எனக்குச் சோறு போடுவது. பெருங்களத்தூர் வீட்டில் என் கணவர், "பதினெட்டு வருஷத்துல இப்பதான் வீடு அமைதியா இருக்கு" என்று கிண்டல் செய்தார். சிரித்தேன். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

கல்லூரிக்குத் திரும்பி, விசில் ஊதியும் கையை ஆட்டியும் சமாளித்தேன். கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போடும் முனுசாமி அண்ணன்கூட, "இன்னா மிஸ், நீங்க கத்தாம கிரவுண்டே பேஜாரா கீது" என்றார். இப்படியே போனால் என்னை அலுவலகத்தில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம். ரிலே ஓட்டத்தில் குச்சியைக் கொண்டுவருகிறவள் "மரியே!" என்று மாதாவைக் கூப்பிட வேண்டும். முன்னால் நிற்பவள் திரும்பிப் பார்க்கவே கூடாது. அந்தச் சத்தம் கேட்டால்தான் கையைப் பின்னால் நீட்டுவாள். இந்துப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். விளையாட்டு விழாவின் கடைசிப் போட்டி, ஆசிரியைகளுக்கும் மாணவிகளுக்கும் நடக்கும் ரிலே. எங்கள் அணியில் கடைசியாக ஓடுவது எப்போதும் முதல்வர் சிஸ்டர்தான். அவருக்குக் குச்சி கொடுப்பது நான்.

டிசம்பர் பிறந்தது, குரல் வரவில்லை. என் பெயரை எடுத்துவிடும்படி சிஸ்டருக்கு எழுதிக் காட்டினேன். "நீ ஓடு. குரலை மாதா பாத்துப்பாங்க" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே கல்லூரி வளாகத்தில் மாதா சிலை இருக்கும் கெபிக்குப் போய் மாதாவோடு சண்டை போட்டேன். "உன் பேரைக் கூப்பிடத்தானே குரல் கேக்கறேன்? அதுக்குமா இந்தக் கஞ்சத்தனம்?" உதடு மட்டும்தான் அசைந்தது. கோபம் தீர்ந்ததும் முழந்தாளிட்டுக் கெஞ்சினேன்.

விழா நாள் வந்தது. குச்சி என் கைக்கு வந்தபோதே நாங்கள் பின்தங்கியிருந்தோம். வளைவைத் தாண்டினேன். அங்கியும் கேன்வாஸ் ஷூவுமாகச் சிஸ்டர் நின்றார். திரும்பவில்லை. கை நீட்டவில்லை. நெருங்கிவிட்டேன். வாயைத் திறந்தேன்.

"மரியே!"

காக்கை கரைவதுபோல் வந்தது. ஆனால் வந்தது! சிஸ்டர் கையை நீட்டினார், குச்சியை வைத்தேன். அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். ஓட மறந்து என்னைக் கட்டிக்கொண்டார். "ஓடுங்க சிஸ்டர்!" என்று எதிரணி மாணவிகளே கத்தினார்கள். படுதோல்வி. நாங்கள் இருவரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

நரம்பு தானாகவே தேறிவிட்டது என்கிறார் டாக்டர். தேறட்டும். தேற்றியது யார் என்று எனக்குத் தெரியும். ஆண்டவருக்கு நன்றி, மாதாவுக்கு நன்றி. இன்னும் கொஞ்சம் கரகரப்பு இருக்கிறது. முன்பெல்லாம் மெதுவாக ஓடுகிற பிள்ளையை எல்லார் முன்னாலும் திட்டுவேன். இப்போது பக்கத்தில் போய்ப் பேசுகிறேன்.

செபிக்க வார்த்தைகூட வராமல் உங்களில் யாராவது தவித்துக்கொண்டிருக்கலாம். கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, போய் மாதா முன்னால் உட்காருங்கள். சத்தமே இல்லாமல் கேட்டாலும் தாய்க்குக் கேட்கும்.