பலூன்காரர் ஊதிய பை

கடற்கரையில் பலூன் விற்கும் முத்தியால்பேட்டை புருஷோத்தமனுக்கு வயிற்றுப்புண். புது மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சியில் சேர்ந்து மாத்திரை விழுங்கிவந்தவருக்கு ஒரே கவலை: மறுபடி காரமாக மீன்குழம்பு தின்ன விடுவார்களா?

புண்ணுக்குக் காரணமான கிருமி செத்ததா என்று மூச்சில் பார்க்க, நர்ஸ் ஷாஹீன் ஒரு பையைக் கொடுத்து ஊதச் சொன்னாள். அவர் ஊதிய ஊதலில் பை வெடித்தது. இரண்டாவதை ஊதி, கைப்பழக்கத்தில் முறுக்கி நாய்க்குட்டியாக்கத் தொடங்கிவிட்டார்.

"அண்ணே, இத எப்பிடி மிஷின்ல சொருவறது?"

"வால் பக்கமா சொருவும்மா."

மூன்றாவது பையை அவளே பிடித்துக்கொண்டாள். கிருமி இல்லை என்றது மிஷின்.

வெளியே வந்ததும் மனைவிக்குப் போன் போட்டார்.

"அஞ்சல, கிருமி செத்துட்டான். இன்னிக்கி வஞ்சிரம் வாங்கு. எனக்காக நீயும் தயிர்சோறு தின்னது போதும்."