கண்ணாடித் துண்டில் ஓர் இலை

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நா உலரும். எனக்கு வியர்க்கும். துறைமுகக் கந்தோரில் மேலதிகாரி கூப்பிட்டாலே போதும், என் சேட்டைப் பிழிந்து பூச்சாடிக்கு ஊற்றலாம். அந்த வியர்வை ஒருமுறை எங்கள் குடும்ப விவகாரத்திலேயே தலையிட்டது.

எழுபதுகளின் தொடக்கம். கலியாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் சின்னக் கிளினிக் வைத்திருந்த லேடி டொக்டர், முட்டை பழுப்பதற்கென்று என் மனைவிக்குக் குளிசை கொடுத்திருந்தார். அதை விழுங்கினால் அவளுக்குத் தலை சுற்றும். சில மாதம் பொறுத்தவள் சொல்லிவிட்டாள்: "இஞ்சேருங்கோ, இதுதான் கடைசி. இனி என்னால ஏலாது."

ஆகவே அந்த மாதம் முட்டை பழுக்கும் நாளைத் தவறவிடக் கூடாது. ஆனால் கந்தோரிலோ, நாங்கள் டொக்டரிடம் போக வேண்டிய நாளுக்கு அடுத்த நாளே என்னை ஒரு கிழமை வேலைக்கு மூதூருக்கு அனுப்ப இருந்தார்கள்.

நாளைக் கண்டுபிடிக்க டொக்டரிடம் ஒரு வழி இருந்தது. கருப்பை வாயில் ஊறும் நீரில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்துக் காயவிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். முட்டை பழுக்கும் தறுவாயில் அந்தத் துளி பன்னச்செடியின் இலைபோலக் கிளைவிட்டுப் படியுமாம். இலை இல்லையென்றால் இன்னும் காய். இருந்தால், கணவனை வீட்டில் கட்டிப்போட வேண்டியதுதான்.

நாங்கள் கிளினிக்குக்குப் போன அன்று பார்த்துக் கரண்ட் இல்லை. நேர்ஸ் மிஸ்ஸி கண்ணாடித் துண்டோடு திரைக்குப் பின்னாலிருந்து வந்த நேரம், வாசலில் யாரோ ஒரு குழந்தை வாந்தியெடுத்தது.

"அண்ணை, இதை ஒருக்கால் பிடியுங்கோ. ஆட்டாதேங்கோ, காயட்டும்."

பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் துளி மங்கியது. பிறகு காணவே இல்லை. காய்ந்துவிட்டது என்று மூளையுள்ள எவனுக்கும் விளங்கும். எனக்கோ என் வாரிசு யன்னலால் பறந்துவிட்டதாகவே பட்டது. மூக்கு முட்டக் குனிந்து பார்த்தேன். நெற்றியிலிருந்து சொட்டென்று ஒன்று விழுந்தது. துடைக்கவும் பயம், சொல்லவும் பயம். ஊதினேன். அதுவும் காய்ந்தது.

டொக்டர் அதை நுணுக்குக்காட்டியில் வைத்து யன்னலோர வெளிச்சத்தில் பார்த்தார். "அட, நல்ல இலை! இண்டைக்கே..."

என் மனைவி சிலுவை அடையாளம் போட்டாள். டொக்டர் கண்ணாடித் துண்டைக் கொஞ்சம் நகர்த்தினார். முகம் சுருங்கியது.

"பக்கத்துத் துளியில ஒண்டும் இல்லையே. மிஸ்ஸி, ரெண்டு துளியே வைச்சனீங்கள்?"

"இல்லை டொக்டர், ஒண்டுதான். அண்ணைதான் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்."

மூன்று பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மூக்கு நுனியில் அடுத்த துளி தயாராக நின்றது. டொக்டர் ஒரு புதுக் கண்ணாடித் துண்டை என் நெற்றியில் ஒற்றி, காயவிட்டுப் பார்த்தார்.

"வியர்வையில உப்பு இருக்கெல்லே, அதுவும் இலை விடும்" என்றவர் சிரிப்பை அடக்க முடியாமல், "உங்கட மனுசிக்கு இன்னும் காய்தான். பழுத்திருக்கிறது உங்களுக்கு!" என்றார்.

மிஸ்ஸி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. "இண்டைக்கெண்டு நம்பி இவரை மூதூருக்கு விட்டிருந்தால், டொக்டர்?"

"இந்த மாதமும் போயிருக்கும், பிள்ளை. பயணத்தை நிப்பாட்டுங்கோ. நாளையிண்டைக்கு வாங்கோ."

அவள் என் லேஞ்சியைப் பறித்து என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். தோல் மிஞ்சியது அதிர்ஷ்டம்.

லீவு கேட்க மேலதிகாரி முன்னால் போய் நின்றேன். காய்ச்சல் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் என் சேட்டைப் பார்த்தார். "ஐயோ, வீட்டை போம் காணும்! இஞ்ச விழுந்து வைக்காதேயும்." வாழ்நாளில் முதல் தடவையாக என் வியர்வை எனக்காகப் பேசியது.

சொன்ன நாளில் போனபோது என்னை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். நெடுநேரம் கழித்து யன்னலில் மனைவியின் தலை தெரிந்தது.

"வாங்கோ, வந்து பாருங்கோ. கையைப் பின்னால கட்டிக்கொண்டு வாங்கோ."

பார்த்தேன். இருந்தது இலை, நடுத்தண்டும் கிளைகளும் கிளைக்குள் கிளைகளுமாக. இந்த முறை சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவளுடையது. இனி வேலை என்னுடையது என்று நினைத்ததும் முதுகில் ஆறு ஓடத் தொடங்கியது.

அந்த இலையால் வந்த மகளுக்கு இப்போது சோதனைக் காலம். கணக்குச் சோதனை என்றால் அவளுடைய உள்ளங்கை வியர்த்துத் தாள் நனைந்துவிடும். இன்று காலையும் அவளுடைய கைக்குள் லேஞ்சியைத் திணித்துவிட்டு, மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"பாருங்கோ, உங்கட இலை."