நாற்பத்தொன்றாம் எண் புங்கன்

தாளில் புங்கன். தரையில் வேம்பு. பில்லையில் மட்டும் அதே நாற்பத்தொன்று. குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டும் பார்த்தேன். வேம்பு வேம்பாகவே நின்றது. நகரி பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தாவரவியலும் படித்தவள் நான். எனக்குப் புங்கனுக்கும் வேம்புக்கும் வித்தியாசம் தெரியாதென்றால் எங்கள் வீட்டு மாடுகூடச் சிரிக்கும்.

புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் மூடிவிட்ட கருங்கல் குவாரி அது. பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கிச் செடி நட்டிருந்தார்கள். ஒவ்வொரு செடிக்கும் கம்பியில் கட்டிய ஒரு தகரப் பில்லை, அதில் ஓர் எண். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் திருப்பதியிலிருந்து பாகாலா வழியாக பஸ்ஸில் வந்து, எந்த எண் உயிரோடிருக்கிறது, எது செத்தது என்று குறிக்க வேண்டும். பாதிக்கு மேல் பிழைத்திருந்தால் தண்ணீர் ஊற்றும் வேலை இன்னொரு கோடைக்கு நீளும். இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் ஊற்றுவது ஒரே ஓர் அக்கா. குவாரி மூடியபிறகு அவருக்கு இருந்தது இந்த வேலை ஒன்றுதான்.

நாற்பத்தொன்றோடு போகவில்லை. பதினேழு நாவலாக இருந்தது, சீத்தாவாகிவிட்டது. போன முறை எழுதியதும் நானேதான். அன்றைய வெயிலில் எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று போனில் பழைய படத்தைத் தேடினேன். படத்தில் பளபளவென்று புங்கன் நிற்கிறது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது எனக்கு. திருப்பதி ஆபீசில் இருக்கும் சாருக்கு போன் போட்டேன்.

“ப்ரதிகிந்தா, லேதா? அதி செப்பம்மா!” என்றார். பிழைத்ததா இல்லையா, அதைச் சொல்ல வேண்டுமாம்.

“பிழைத்திருக்கிறது சார். ஆனால் அது அதுவல்ல சார்” என்று நானும் தெலுங்கில் சொன்னேன். போனை வைத்துவிட்டார். நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.

அக்கா இடுப்பில் குடத்தோடு மேடேறி வந்தார்.

“யக்கா, இது இன்னாக்கா? இங்க புங்கன் இருந்துச்சே?”

“அது மாசியிலயே செத்துப் பூட்ச்சி மேடம். இது அந்தாண்ட கல்லு இடுக்குல தானா மொளைச்சிகினு இருந்துச்சி. மண்ணோட பேத்தெடுத்தாந்து வெச்சேன். நம்பரு சும்மா கெடக்குதேன்னு இதுக்குக் கட்னேன்.”

“யாரக் கேட்டுக் கட்னீங்க?” எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

என்னை விசித்திரமாகப் பார்த்தார் அக்கா. “இதுக்குப் போயி இன்னா கேக்கறது? குவாரில அப்டித்தான? ஆளுக்கொரு நம்பரு பில்லை. ஒர்த்தரு பூட்டா அவரு பில்லைய அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க. எங்க வூட்டுக்காரரு மேல கல்லு வுழுந்து பூட்டாரு. காரியம் முடிஞ்ச மறுநாளு நான் ஜல்லி ஒடைக்கப் போனேன். அவரு பில்லையதான் எங்கைல குடுத்தாங்க. குவாரிய மூட்ற வரிக்கும் எனக்கு அதே நம்பருதான்.”

அழவில்லை. குடத்தைச் சாய்த்து வேம்புக்குத் தண்ணீர் விட்டார்.

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. குழப்பம் மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது. இது ஏமாற்றா? இல்லை. நாங்கள் நட்டவை செத்தனவா? பெரும்பாலும் ஆமாம். அப்படியானால் மேட்டில் பச்சை எப்படி வந்தது? எங்களால் அல்ல, அக்காவால். எல்லா எண்ணுக்கும் ‘உயிர்’ என்று டிக் போட்டால் ஒருவரும் கேட்கப்போவதில்லை, அக்காவின் வேலையும் தப்பிக்கும். ‘செத்தது’ என்று போட்டால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். எனக்கு ஏட்டைத் திறக்கவே பயமாக இருந்தது.

“வேல பூடுமா மேடம்?”

“தெரியலக்கா” என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

ஒரு பாறையில் உட்கார்ந்து ஏட்டைத் திறந்தேன். கடைசியில், செத்த எண்களுக்கெல்லாம் ‘செத்தது’ என்றே எழுதினேன். வேறொரு தாள் எடுத்து, தானாக முளைத்து அக்கா நட்டவை என்று தலைப்பிட்டு, எண் இல்லாமல் ஒவ்வொன்றாகக் குறித்தேன். சார் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு தாளையும் மேலே அனுப்பினார். நான் சரியாகத்தான் செய்தேனா என்று ஒரு மாதம் தூக்கமே இல்லை.

பிறகு உத்தரவு வந்தது. நட்டது தோல்வி, ஆனாலும் இன்னொரு கோடைக்குத் தண்ணீர் ஊற்றலாமாம். எந்தத் தாளைப் பார்த்து அப்படி முடிவெடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. புது எண் போட்ட பில்லைகளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருவருமாகப் பழையவற்றை அவிழ்த்துப் புதியவற்றைக் கட்டினோம்.

வேம்பிலிருந்து அவிழ்த்த நாற்பத்தொன்றை அக்கா நீட்டினார். “இத எதுக்குக் கட்டணும்?”

“எதுக்கும் கட்டக் கூடாதுக்கா. செத்தாலும் அது அந்தப் புங்கனோட நம்பருதான். வேற எதுக்கும் குடுக்க மாட்டாங்க.”

தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

“அவரு நம்பரயும் அப்டி வெச்சிருக்கலாமா மேடம்?” என்றார். “எங்கிட்ட யாரும் சொல்லலியே.”