என் மண்டை ஓட்டைப் படித்த பெரியப்பா

இன்று கம்பத்திலிருந்து தேனி வந்த பஸ்ஸில் பெரியப்பாவைப் பார்த்தேன். எண்பது தாண்டியும் வாய் ஓயவில்லை.

முன்சீட்டில் ஒரு பெண். மடியில் நெற்றி வீங்கிய மகள், காலையில் மாடிப்படியில் விழுந்தவள்.

“எக்ஸ்ரே எடுத்துரு தாயி. எலும்பு முறியலைன்னா ஒண்ணுமில்ல. இவளுக்கும் நான்தான் பாத்துச் சொன்னேன்” என்று என்னைக் காட்டினார்.

சொன்னார்தான். 1980களில், எனக்கு ஆறு வயதில், அனுமந்தன்பட்டியில் திராட்சைப் பந்தல் கல்தூணில் ஏறி விழுந்தேன். தேனியில் எடுத்த எக்ஸ்ரேயை வெயிலில் தூக்கிப் பார்த்தார் இந்த மேதை. அவர் நடத்தியது உரக்கடை.

“கீறலே இல்ல. பிள்ளையத் தூங்க விடுங்க.”

அதற்குள் மூன்று முறை வாந்தி எடுத்திருந்தேன். “பெரியவுக சொல்லிட்டாகல்ல” என்று ஊரே தலையாட்டியது. அம்மா மட்டும் என்னைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினாள்.

அங்கே டாக்டர் ஃபிலிமை ஒதுக்கிவிட்டு என் கண்ணில் டார்ச் அடித்தார். “இது எலும்பைத்தாம்மா காட்டும். உள்ள ரத்தம் கட்டுனா காட்டாது.” அன்றே ஆபரேஷன்.

அந்த ஃபிலிமைப் பெரியப்பா கிரகணம் பார்க்க வைத்துக்கொண்டார்.

இன்று முடியை விலக்கி அந்தப் பெண்ணிடம் தழும்பைக் காட்டினேன்.

“வாந்தி எடுத்தாளா?”

“ரெண்டு தடவக்கா.”

தேனியில் இறங்கியதும், ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு இருவரையும் ஆட்டோவில் ஏற்றினேன்.

பின்னாலேயே வந்த பெரியப்பா ஆட்டோவுக்குள் தலையை நீட்டினார். “ஃபிலிமை வாங்கிட்டு வா தாயி, நான் பாத்துச் சொல்றேன்.”

உங்கள் வீட்டு உரக்கடை டாக்டர் யார்? சொல்லுங்கள்.