மாட்டுங்கா வீட்டில் இடது பக்கத்து இரைச்சல்

சத்தமே வராத பெட்டியைச் சரிசெய்வது சுலபம். வேண்டாத சத்தம் வருகிற பெட்டிதான் எங்கள் தொழிலில் உயிரை எடுக்கும். ஏ.சி.யோ வாஷிங் மெஷினோ, வீடு வீடாக ஏறி இறங்கி ரிப்பேர் பார்க்கிற உங்கள் யாருக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் சொல்கிறேன். என் பெயர் பேச்சியம்மாள். தாராவியில் நசீர் பாயும் நானும் சேர்ந்து பதினோரு வருஷமாக ஆடியோ ரிப்பேர் கடை நடத்துகிறோம்.

வாசலில்

மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டிடம், மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. விஸ்வநாதன் சார் இன்ஷூரன்ஸில் அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஃபோனில் அவரிடம் பேசி நேரம் குறித்தது நசீர் பாய். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், என் தோளில் தொங்கிய டூல் பையைப் பார்த்தார், அப்புறம் எனக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். "ஆடியோ ரிப்பேருக்கு வந்திருக்கேன் சார்" என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டே.

"சரிம்மா, மெக்கானிக் கீழே வண்டியை நிறுத்திண்டிருக்காரா?"

வயரை மாற்றிப் போட்டபோது

அவர் வீட்டில் இருந்தது ஒரு கன்வெர்ட்டர். கம்ப்யூட்டரில் எண்ணாக இருக்கிற பாட்டைக் காதுக்குக் கேட்கிற பாட்டாக மாற்றி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கிற சின்னப் பெட்டி. மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பியது. போட்டுப் பத்து நிமிஷம் ஆனதும் இடது ஸ்பீக்கரில் மட்டும், எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒரு கரகரப்பு. ஏற்கெனவே இரண்டு பேரை வரவழைத்து ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபையரையும் பிரிக்கவைத்து, இரண்டு பேரையும் ஃப்ராடு என்று சொல்லித் துரத்தியிருந்தார். அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

கன்வெர்ட்டரின் முதுகில் இருந்த இடது, வலது வயர்களை இடம் மாற்றிச் செருகினேன். கரகரப்பு வலது ஸ்பீக்கருக்குப் போனது. ஸ்பீக்கரிலோ ஆம்ப்ளிஃபையரிலோ குறை என்றால் சத்தம் இடதிலேயே இருந்திருக்கும். வயரிலும் சந்தேகம் வேண்டாம் என்று பையிலிருந்து புது வயர் போட்டும் காட்டினேன். "பெட்டிக்குள்ளதான் சார் கோளாறு. கடைக்குக் கொண்டுபோய்த் திறந்து பாக்கணும்" என்றேன். பக்கத்து வீட்டு மிக்ஸி, மாடியில் இருக்கும் மொபைல் டவர்தான் காரணம் என்று கால் மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். கடைசியில்தான் பெட்டியைக் கொடுத்தார், அதுவும் பிடியைத் தளர்த்தாமல்.

"ஃபாரின் சாமான் அப்படியெல்லாம் கெட்டுப்போகாதும்மா, உங்களுக்கெல்லாம் பழக்கமில்லை."

மூடிக்குள்

கடையில் மூடியைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. வலது பக்கம் கம்பெனியில் வைத்த சிப் கம்பெனியில் வைத்தபடியே சுத்தமாக இருந்தது. இடது பக்கத்தில் வேறு ஏதோ சிப். அதைச் சுற்றி, அடிபிடித்த வெல்லப்பாகு மாதிரி கருகிய பசை. சூடு தாங்காமல் சிப்பின் ஒரு காலுக்கு அடியில் செம்புத் தகடு பெயர்ந்து நின்றது. பெட்டி சூடேறும்வரை காத்திருந்து, கரகரப்பு தொடங்கியதும் ஐஸ்கிரீம் மரக்குச்சியால் சிப்பை அழுத்தினேன், சத்தம் நின்றது. விட்டேன், வந்தது.

விஸ்வநாதன் சாருக்கு ஃபோன் போட்டு, இதற்கு முன்னால் யாராவது திறந்தார்களா என்று கேட்டேன். ஒரு ஸ்க்ரூவைக்கூட யாரும் தொட்டதில்லை என்று சத்தியம் செய்தார். பெயர்ந்த இடத்தில் முடி போன்ற வயரை வைத்துப் பற்றவைத்து, வலது பக்கத்தில் இருப்பது போலவே ஒரு சிப் வாங்கிப் போட்டேன். நாள் முழுக்க ஓடவிட்டும் இரண்டு பக்கமும் ஒரு சின்னச் சத்தம் இல்லை. நான் கையை வைப்பதற்கு முன்பே நசீர் பாய் செல்ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்து நாலு கோணத்தில் படம் எடுத்திருந்தார்.

"பஹ்லே ஃபோட்டோ, முதல்ல ஃபோட்டோ, பேச்சி. இந்த ஆள் பொய் சொல்றான்னு எனக்கு வாசனை வருது."

குரூப்பில்

கழற்றிய சிப்பை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பில்லோடும் பெட்டியோடும் விஸ்வநாதன் சாரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் பாட்டுப் போட்டுக் கேட்டார், தலையாட்டினார், கதவைச் சாத்தினார். மூன்றாம் நாள் அதே கட்டிடத்து முதல் மாடி நாயர் சேச்சி, தன் ஹோம் தியேட்டர் வேலைக்கு வரவேண்டாம் என்றார். சாயங்காலம் இன்னொரு வீடும் அதையே சொன்னது. அந்தக் கட்டிடத்தில் எனக்கு வாடிக்கை வீடு ஆறு. காரணம் கேட்டபோது சேச்சி சங்கடப்பட்டுக்கொண்டே கட்டிடத்து வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருந்த செய்தியை எனக்கு அனுப்பினார்.

"தாராவிக் கடையில் கொடுத்தேன், ஒரிஜினல் சிப்பை உருவிக்கொண்டு டூப்ளிகேட் போட்டிருக்கிறார்கள், எல்லோரும் ஜாக்கிரதை."

டைனிங் டேபிளில்

மறுநாள் காலை போய் பெல் அடித்தேன். விஸ்வநாதன் சார் கதவைப் பாதிதான் திறந்தார். நசீர் பாய் எடுத்த படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். கோபம் வந்தால் எனக்கு அப்பாவின் திருநெல்வேலிப் பேச்சு வந்துவிடும். "என்ன சார் பேசுதீங்க? திருடுனேன்னு எழுதியிருக்கீங்களே, நான் கொடுத்த உறையைப் பிரிச்சாவது பாத்தீங்களா?" அவர் குரலை உயர்த்தினார்: பில்லைப் பார்த்த மகன் சிப் ஏன் மாறியது என்று கேட்கிறான், அவனுக்கு என்ன பதில் சொல்வது, வாட்ச்மேனைக் கூப்பிடட்டுமா.

சத்தம் கேட்டு சாரின் மனைவி, மாமி, உள்ளேயிருந்து வந்தார். நான் அதற்கு முன்னால் அவரைப் பார்த்ததே இல்லை. என் கையிலிருந்த ஃபோனை வாங்கி, கருகிய இடத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"தீபாவளிக்கு மறுநாள் யூட்யூப் பார்த்துண்டே நீங்கதானே இந்தப் பெட்டியைத் திறந்து, சிப்பை மாத்தறேன்னு டைனிங் டேபிள்ல வெச்சுப் பத்தவெச்சேள், விரிப்புகூட ஓட்டை விழுந்துதே!"

மன்னிப்பு

அவர் சோபாவில் உட்கார்ந்தார். செய்தியை டெலீட் பண்ணிவிடுவதாகச் சொன்னார். "டெலீட் வேண்டாம் சார், அதே குரூப்ல உண்மையை எழுதுங்க. எழுதறவரைக்கும் நான் இங்கேயேதான் நிப்பேன்" என்றேன். நின்றேன். மாமி நாற்காலி போட்டார், நான் உட்காரவில்லை. சார் இருபது நிமிஷம் ஃபோனில் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். நாயர் சேச்சி அன்றே கூப்பிட்டுவிட்டார். இன்னொரு வீடு இன்றுவரை கூப்பிடவில்லை. அந்த மகா வாக்கியத்தை நீங்களும் படியுங்கள்.

"கன்வெர்ட்டர் விஷயம் சுமுகமாக முடிந்தது, இரு தரப்பிலும் சிறு தவறான புரிதல்."

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஸ்க்ரூ டிரைவரை வெளியே எடுப்பதற்கு முன்னால், வீட்டம்மாவிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தபடி, சார் சமீபத்தில் யூட்யூபில் என்ன பார்த்தார் என்று விசாரித்துக்கொள்கிறேன்.