இரண்டு வருஷத் தீட்சை

மாமனார் இறந்தபோது வைதேகிக்கு முப்பத்தொன்பது வயது. ஒரே பிள்ளையான அவள் கணவன் பத்ரி அப்பாவுக்காக ஒரு வருஷம் துக்கத் தீட்சை ஏற்றான். தாடி வளர்த்தான்; மனைவியைத் தொடாமல் ஹாலில் தனியே படுத்தான். அது முடிவதற்குள் மாமியாரும் போய்விட, தீட்சை இன்னொரு வருஷம் நீண்டது. குழந்தைக்காக டாக்டரிடம் போவதும் நின்றது.

எல்லாம் முடிந்த மறுநாள் பத்ரி தாடியை மழித்துவிட்டு வந்தான். தில்லி மயூர் விஹார் மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகையைத் தலையில் வைத்துக்கொண்டு, வைதேகி அவன் தலையணையை உள்ளே கொண்டுபோக எடுத்தாள்.

"அது இங்கேயே இருக்கட்டும். எனக்குப் பழகிடுத்து," என்றான் பத்ரி.

"எனக்குப் பழகலையே."

அவன் தலையணையை வாங்கி ஹாலிலேயே போட்டுப் படுத்துக்கொண்டான். இப்படியொரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று உறவெல்லாம் அவனைப் புகழ்கிறது. வைதேகியும் கூடவே தலையாட்டுகிறாள்.